எங்கள் எல்லோருக்கும் ஒரே மாமா

இங்கிலீஷ் இடியங்களைக் கற்றுக்கொடுத்தே வயிறு வளர்த்த நான், வாழ்நாளில் தெருவில் நேருக்கு நேர் பேசிய ஒரே வெள்ளைக்காரரைத் தப்பான திசையில் அனுப்பிவைத்தவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

அறுபதுகளின் தொடக்கம். இடம் பம்பாய் போரிபந்தர் ஸ்டேஷன் வாசல். மாதுங்காவில் மாலை வகுப்பு எடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தொப்பி வைத்த துரை ஒருவர் என்னிடம் வந்து பெரிய தபாலாபீசுக்கு வழி கேட்டார். தபாலாபீஸ் பக்கத்திலேயே இருந்தது. வாயைத் திறக்காமல் கையை நீட்டியிருந்தால் போதும். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் தானாக வந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது வெறும் கையை நீட்டி அனுப்பிவிட மனசு வருமா? "அஸ் த க்ரோ ஃப்ளைஸ்" என்று ஆரம்பித்தேன். காக்கை பறக்கிற மாதிரி நேர்கோட்டில் போனால் என்று அர்த்தம். அடுத்து "எ ஸ்டோன்ஸ் த்ரோ", கல்லெறி தூரம்தான். பிறகு "பை ஹுக் ஆர் பை க்ரூக்", எப்பாடுபட்டாவது. முத்தாய்ப்பாக "இன் த லாங் ரன்", காலப்போக்கில். ஒரே வாக்கியத்தில் நான்கு இடியம். துரை தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். தபாலாபீசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கேற்ற இடியம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்படிப்பட்டவன் இடியங்களுக்காக வக்காலத்து வாங்குகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். ஆனால் வக்காலத்தை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை.

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்ஸ்டிட்யூட்டுக்கு இப்போது கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். கரும்பலகை போய்விட்டது, கேசட் ஓடுகிறது. பொறுப்பில் இருப்பவர் பல்லவி என்கிற இளம்பெண். கெட்டிக்காரப் பெண், மரியாதை தெரிந்தவள். ஆண்டு விழாவுக்கு அழைக்க வீட்டுக்கு வந்தவள், என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"சார், இடியம்ஸ் எல்லாம் சிலபஸ்லேர்ந்து நிகால் தியா, எடுத்தாச்சு. இப்போ யாரும் அப்படிப் பேசறதில்லை. லண்டன்லயே பேசறதில்லையாம். நீங்க வந்து அந்த ஓல்ட் மெத்தட் பத்தி கொஞ்சம் ஜாலியா பேசுங்களேன். பசங்களுக்கு மஜாவா இருக்கும்."

ஜாலியாக! ஊர்ப்பட்ட வருஷங்கள் நான் பார்த்த வேலையை, கைப்பிடி சுற்றும் கிராமபோன் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வருகிறேன் என்றேன். பழைய மாணவர் ஒருவரையும் கூட்டி வருகிறேன் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலீஷ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினேன். காதலைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் நிறையப் படித்தவனுக்குக் கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் நாற்காலி இல்லை என்பதையும், சுருக்கெழுத்து படித்தவனுக்கு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டேன். சுருக்கெழுத்து எனக்கு வரவில்லை. வராதவர்கள் கற்றுக்கொடுக்கப் போவது உலக வழக்கம். மாதுங்காவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் கோபாலரத்னம் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மே மாதத்திலும் கறுப்புக் கோட்டு போடுவார். கோட்டின் இடது பையில் காகிதத்தில் சுற்றிய சாக்கட்டிகள்: மஞ்சள், வெள்ளை. வகுப்புக்குள் வந்ததும் யாரையும் பார்க்க மாட்டார். மஞ்சளால் இடியத்தை எழுதுவார். அதன் கீழே வெள்ளையால் அர்த்தத்தை எழுதுவார். அதற்கும் கீழே ஒரு கோடு இழுத்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். மாணவன் எழுந்து நின்று இடியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், அர்த்தத்தை ஒருமுறை சொல்ல வேண்டும், பிறகு காலி இடத்துக்கு ஒரு வாக்கியம். "சொந்த வாக்கியம்" என்பார். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "அடுத்தவர்" என்பார். திட்டு வாங்கினால் மறந்துபோகும். அந்தத் துடைப்பை யாரும் மறந்ததில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. இடியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. "அது கோயில் விக்கிரகம் மாதிரி ஓய். மூக்கு சப்பையா இருக்குன்னு நீர் செதுக்கப்படாது."

ஒருநாள் நான் துணிந்து கேட்டேன், இந்த இடியங்களை எந்த வெள்ளைக்காரனிடம் போய்ப் பேசப்போகிறார்கள் என்று. தபாலாபீஸ் துரையின் முதுகு என் கண்ணுக்குள்ளேயே நின்றிருந்த நேரம்.

"வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயாச்சு. அவன் நமக்கெதுக்கு? இப்போ ஆபீஸ் வாசல்ல நாற்காலி போட்டுண்டு உட்கார்ந்திருக்கறவன் நம்மவன். அவன் நாலு இடியத்தைச் சொல்லித்தான் உள்ளே போனான். வெளியில நிக்கறவன் சொல்றானான்னு காதைத் தீட்டிண்டிருக்கான். சொன்னா உள்ளே விடுவான். அவ்வளவுதான் ஓய் விஷயம்" என்றார்.

இதைவிடத் தெளிவாக என் தொழிலை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஆனால் அவருடைய "சொந்த வாக்கியம்" என்ன கதிக்கு ஆளாகியிருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் பேட்ச்சில் யாரோ ஒரு புண்ணியவான் தன் மாமாவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறான். அது தப்பில்லாமல் இருந்திருக்கிறது. அடுத்த பேட்ச் அதையே பிடித்துக்கொண்டது. நான் சேர்ந்தபோது, எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் எல்லோருக்கும் ஒரே மாமாதான். மை அங்கிள் பர்ன்ட் த மிட்நைட் ஆயில்: மாமா ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்தார். மை அங்கிள் லெஃப்ட் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்: மாமா எந்தக் கல்லையும் புரட்டாமல் விடவில்லை, அதாவது எல்லா முயற்சியும் செய்தார். ஹி கேம் அவுட் வித் ஃப்ளையிங் கலர்ஸ்: அமோகமாக ஜெயித்தார். திங்கட்கிழமை அவர் குடும்பத்துக்கே அவமானமான கறுப்பு ஆடு; புதன்கிழமை குடும்பத்தின் தூண். வியாழக்கிழமை காலமாகிவிடுவார். வெள்ளிக்கிழமை எழுந்து வந்து மறுபடி பரீட்சை எழுதுவார்.

கோபாலரத்னம் சாருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். கண்ணாடியைத் துடைக்க மாட்டார், வாக்கியத்தில் தப்பில்லையே. அந்த மாமாவைச் சொல்லித்தான் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பையன்கள் கோட்டைக்குள் நுழைந்தார்கள், டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனையோ பேருடைய நிஜ மாமாக்கள் செய்யாததை அந்த இல்லாத மாமா செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுடலைமுத்து அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் ஒரு கோலியில் குடித்தனம். கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை வீடு. வயது நாற்பதை ஒட்டி. எனக்கு அண்ணன் அல்ல, சித்தப்பா ஆகும் வயது. முறுக்கிய மீசை, அதன் மேல் சொந்தக்காரருக்கு அளவில்லாத பெருமை. அடக்கமானவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. பஸ் கண்டக்டரிடம் ஏறும்போது ஒரு சண்டை, இறங்கும்போது ஒரு சண்டை. செம்பூரில் கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலையில் முதலில் உலைக்கூடத்தில் வேலை. அங்கே ஓர் இருமல் பிடித்துக்கொண்டது. டைம்கீப்பர் வேலையை விட்டுப் போனபோது, "நீ கொஞ்ச நாள் பார்" என்று இவரை வாசல் கேட்டருகே நிறுத்தினார்கள். தொழிலாளி உள்ளே வரும்போது கார்டை மெஷினில் போட்டு நேரம் குத்துகிறானா என்று பார்க்கிற வேலை. கொஞ்ச நாள் வருஷக்கணக்காக நீண்டது. இருமல் குறைந்தது.

பிறகு அந்த இடத்தை நிரந்தரமாக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இண்டர்வியூ உண்டு, இங்கிலீஷில் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்தவர் ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் சாம்பசிவம். எங்கள் மாதுங்காக்காரர்தான். அவருடைய தங்கை பையன் ரகு, பி.காம். முடித்துவிட்டு ஜிம்கானாவில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தான். நோட்டீஸ் ஒட்டிய வாரமே அவனும் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். ஆக, வேலைக்குப் போட்டியிடுகிறவர்களில் இவர்கள் இரண்டு பேரும் என் முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கெடைக்கலைன்னா என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"என்ன ஆவும்? திரும்ப உலைக்கு அனுப்புவான். உலைக்குப் போனா இருமல் வரும். இருமல் வந்தா பொட்டியக் கெட்டிட்டு ஊருக்குப் போயிருவேன்னு எம் வீட்டுக்காரி சொல்லிட்டா. அவ சொன்னா செய்வா சார்வாள். கலியாணமே அவ சொல்லித்தான் நடந்துச்சு."

முதல் நாள் பலகையில் "பர்ன் த மிட்நைட் ஆயில்." அண்ணாச்சி எழுந்தார். இடியத்தைக் கணீரென்று சொன்னார். அர்த்தத்தைச் சொன்னார். பிறகு உட்காரப் போனார்.

"சொந்த வாக்கியம் சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் ராத்திரி முழிச்சுப் படிக்கலயே சார்வாள்."

"சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான்."

"செய்யாதத செஞ்சேன்னு எப்பிடிச் சொல்ல?"

"சரி, நீங்க வேண்டாம். உங்க மாமா படிச்சார்னு சொல்லுங்க."

"எனக்கு மாமன் கெடையாது."

"இருக்கறதா வெச்சுக்குங்க."

"இல்லாத மாமன எங்கன வச்சுக்கிட? கோலில எங்களுக்கே எடம் பத்தல."

வகுப்பே சிரித்தது. ரகு திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, வேணும்னா என் மாமாவைத் தரேன், வெச்சுக்குங்கோ" என்றான்.

"ஒம்ம மாமன நீரே வச்சுக்கிடும் வே. அவரத் தெனமும் கேட்டுல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

இது முதல் நாள் வேடிக்கை என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு நாளும் இதே கதை. "டர்ன் ஓவர் எ நியூ லீஃப்", அதாவது பழசை விட்டுத் திருந்தி வாழ்தல். "நான் எதுக்குத் திருந்தணும்? என்ன தப்பு செஞ்சேன்?" என்று என்னிடமே மல்லுக்கு நின்றார். வகுப்பு முடிந்த பிறகு உட்காரவைத்து, மாமா வாக்கியங்களில் பொறுக்கியெடுத்த சிலதையாவது உருப்போடச் சொல்லிக் கெஞ்சினேன். "சார்வாள், இண்டர்வியூ எடுக்கப்போற மேனேஜர் சாப் என்னயத் தெனமும் பாக்கவரு. அவரு முன்னால போய் ஒரு பொய் மாமனக் கூட்டியாந்து நிறுத்தச் சொல்லுதீயளே, நாளைக்கு அவரு கேட்டுல வந்து 'மாமா சௌக்கியமா'ன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. படிக்க வந்தவர்களில் இவருக்குத்தான் வேலை அத்தியாவசியம். இவர்தான் ஒரு வாக்கியம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கோபாலரத்னம் சாரிடம் போய் முறையிட்டேன். "அழைச்சுண்டு வாரும்" என்றார்.

அந்த அறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒரு மேஜை, ஒரு மண்கூஜா, கீழே மளிகைக் கடையிலிருந்து ஏறி வரும் பெருங்காய வாசனை. சார் உட்காரச் சொன்னார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட். சொந்த வாக்கியம்."

"எல்லாக் கல்லையும் நான் பொரட்டலயே சார். கொஞ்சங் கல்லு பொரட்டினேன். மிச்சத்தப் பொரட்ட விடல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். ஆனால் "அடுத்தவர்" என்று சொல்ல அந்த அறையில் அடுத்தவர் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். மறுபடி அண்ணாச்சியையே பார்த்தார்.

"சரி. உமக்கு நடக்காததைச் சொல்ல மாட்டீர். நடந்ததைச் சொல்லும். காலம்பற எழுந்ததுலேர்ந்து சொல்லும். தமிழ்லயே சொல்லும்."

அந்தக் கட்டடத்தில் சொந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்ல அனுமதி கிடைத்தது அன்றுதான். அண்ணாச்சி சொல்ல ஆரம்பித்தார். குழாயடி வரிசையிலிருந்து ஆரம்பித்தார். முன்னால் நிற்கிற குடம் யாருடையது, நடுவில் வந்து நுழைகிறவள் யார், தண்ணீர் நின்றுபோனால் முதலில் யார் குரல் உயரும் என்றெல்லாம் சொன்னார். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு இடியம் இருக்கோ ஓய்?"

தலையைச் சொறிந்தேன். "இல்லை சார். குழாயடிக்கு இங்கிலீஷ்ல இடியம் கெடையாது."

"அவனுவளுக்குக் குழா வீட்டுக்குள்ளயே இருந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி.

பிறகு வாங்குகிற சம்பளம் வாய்க்கும் கைக்குமாகப் போவதைச் சொன்னார். "ஃப்ரம் ஹேண்ட் டு மவுத்" என்றேன் நான், பரீட்சையில் விடை தெரிந்த பையனைப் போல. அண்ணாச்சி அதைச் சொல்லிப் பார்த்தார். "இது சரி. இது நம்ம வீடுதான்" என்றார். கேட்டருகே நடப்பதைச் சொன்னார். வராதவனுடைய கார்டைத் தாங்கள் குத்திவிடுகிறோம் என்று கூட்டாளிகள் வருவார்களாம், இவர் காதில் வாங்க மாட்டாராம். "டர்ன் எ டெஃப் இயர்." ஒருதடவை நாலைந்து பேர் மிரட்டியபோது இவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லையாம். "ஸ்டேண்ட் ஒன்ஸ் கிரவுண்ட்." அதைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார். "இதுக்கும் வெச்சிருக்கானா! பரவால்ல, வெள்ளக்காரனும் கொஞ்சம் நின்னிருக்கான்."

அதற்குப் பிறகு எங்கள் பாடம் தலைகீழானது. இடியத்தைச் சொல்லி வாழ்க்கையைத் தேடாமல், வாழ்க்கையைச் சொல்லி இடியத்தைத் தேடினோம். அவருக்குச் சேர்ந்தவை மிகக் கொஞ்சம். மற்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி ஒரு கைப்பிடியளவு வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கைப்பிடி இடியத்தை நம்பி ஒரு மனிதரை இண்டர்வியூவுக்கு அனுப்புகிறோமே என்று.

இண்டர்வியூ நாளன்று நான் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியில் எங்களைப் பற்றி நல்ல பேச்சு இல்லாத காலம் அது. மதராஸிகள் இங்கிலீஷைச் சொல்லி எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் காது படவே பேசுவார்கள். பிடித்துக்கொண்டோம்தான். எங்களிடம் நிலமா இருந்தது, கப்பலா இருந்தது? ஒரு மாமா இருந்தார், அவரை அனுப்பினோம்.

அவர்கள் இருவரில் முதலில் வெளியே வந்தவன் ரகு. முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருகிற மாதிரியும் இருந்தது.

"சார், கதை முடிஞ்சுது."

"என்னடா ஆச்சு?"

"எனக்கு முன்னால நம்ம இன்ஸ்டிட்யூட் பசங்க மூணு பேர் உள்ளே போயிருக்கா. மூணு பேரோட மாமாவும் ஒரு கல்லைக்கூட விட்டுவைக்கலை. அது எனக்குத் தெரியாது. ஒர்க்ஸ் மேனேஜர் பார்ஸிக்காரர். உன்னைப் பத்திச் சொல்லுன்னார். நான் போய் நாலாவது மாமாவை அவுத்துவிட்டேன். மை அங்கிள் லெஃப்ட் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்! மனுஷன் பேனாவைக் கீழே வெச்சுட்டார். 'அண்ட் வேர் இஸ் யுவர் அங்கிள் நௌ?'ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"இதுக்கு நீங்க பதில் சொல்லித் தரலையே சார்! மாமா எங்கேன்னு யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே! எதிர்ல மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலில மாமா உட்கார்ந்துண்டிருக்கார். கையைக் காட்டி, 'ஹியர், சார்'னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மாமா தண்ணி குடிச்சார்."

அவன் டேபிள் டென்னிஸ் மட்டையைத் தேடிக்கொண்டு போய்விட்டான். சாம்பசிவத்துக்கும் அந்தப் பையனுக்கும் உள்ள உறவு மேனேஜருக்கு அதுவரை தெரியாது. பிற்காலத்தில் ரகு பெரிய கம்பெனி ஒன்றில் நல்ல நிலைக்கு வந்தான். எங்கே பார்த்தாலும், "சார், மாமா எப்படி இருக்கார்?" என்பான். எந்த மாமா என்று நான் கேட்பதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி வந்தார். நிதானமாக ரோட்டைக் கடந்தார். ஒரு சைக்கிள்காரனைத் திட்டினார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரு சாயா சொல்லுங்க சார்வாள்."

"சாயா கெடக்கு அண்ணாச்சி, என்ன கேட்டார்?"

"தொண்ட காஞ்சுபோச்சு. சொல்லுங்க."

சாயா வந்தது. சாஸரில் ஊற்றி, ஊதி, பாதி குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உக்காந்த ஒடனே சாப் சிரிச்சுக்கிட்டே, 'ஹௌ இஸ் யுவர் அங்கிள்?'ன்னாரு. 'நோ அங்கிள், சார்'ன்னேன். சேர்ல நிமுந்து உக்காந்துட்டாரு. கேட்டுல என்ன வேலன்னு கேட்டாரு. 'ஐ ஸ்டேண்ட் மை கிரவுண்ட், சார்'ன்னேன். வராதவன் கார்ட குத்தச் சொல்லி யாராச்சும் வந்திருக்கானான்னு கேட்டாரு. 'மெனி, சார். ஐ டர்ன் எ டெஃப் இயர்'ன்னேன்."

"அருமை."

"இரிங்க, முடியல. 'ஒர்க்கர்ஸ் ஒன்லி?'ன்னாரு. ஆபீசர் யாராச்சும் கேட்டிருக்காவளான்னு அர்த்தம்."

சாயா கிளாஸை நான் கீழே வைத்தேன். கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குழாயடியிலிருந்து ஆரம்பித்த அந்தப் பேச்சில் அதுவும் வந்திருந்தது. கேட்டவர் சாம்பசிவம்தான். வேண்டியவன் ஒருவன் தாமதமாக வருகிற நாட்களில் கண்டும் காணாமலிருக்கச் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் நிச்சயமாகச் செய்திருப்பேன்.

"என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"சாம்பசிவம் சாரப் பாத்தேன். அவரு சீலிங் ஃபேனப் பாத்தாரு. நடந்தத நடக்கலன்னு எப்பிடிச் சொல்ல? 'தேர் ஆல்சோ டெஃப் இயர், சார்'ன்னேன். சொன்ன பொறவு, ஒரு காது பத்தாதோன்னு தோணிச்சு. 'போத் இயர்ஸ்'னேன். ரெண்டு காதும்னு. அது தப்பா சார்வாள்?"

தப்புதான். இடியத்தில் ஒரு காதுதான் உண்டு. விக்கிரகத்தின் மூக்கைச் செதுக்கியாயிற்று. இன்னொரு சாயா சொன்னேன்.

அன்று சாயங்காலம் கோபாலரத்னம் சாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "போத் இயர்ஸ்" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"தப்பு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "தப்புதான். ஆனா சொந்த வாக்கியம்."

வேலை அண்ணாச்சிக்குக் கிடைத்தது. சாம்பசிவம் தன் நாற்காலியிலேயே இருந்தார். அதற்குப் பிறகு, மழைக்காலத்தில் கேட்டுக்குத் தகரக் கூரை போடச் சொல்லி அண்ணாச்சி எத்தனை தடவை கேட்டாலும் ஃபைல் நகராதபடி பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் திரும்பி வரவில்லை. அவர் மனைவி பெட்டியைக் கட்டவில்லை. வகுப்பில் மாமாவை யாரும் ஒழிக்கவுமில்லை. நானும் தொடர்ந்து அவரைக் கற்றுக்கொடுத்தேன். தொடர்ந்து அவர் பலருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். மாமா தேவைப்பட்டவர்களுக்கு மாமா, தேவைப்படாத ஒருவருக்குச் சொந்த வாக்கியம். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆண்டு விழா மேடையில் இதையெல்லாம்தான் சொன்னேன். சான்பாடாவில் மகன் வீட்டில் இருக்கிற அண்ணாச்சியை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தேன். மீசை வெளுத்துவிட்டது, முறுக்கு குறையவில்லை. பல்லவி கேட்டபடி ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது ஜாலி போய்விட்டது. "லண்டன்காரன் பேசவில்லை என்கிறீர்கள். பேசாமல் போகட்டும். நாங்கள் அவனுக்காகப் படிக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள் நாங்கள், கதவு எந்தச் சொல்லுக்குத் திறந்ததோ அந்தச் சொல்லைப் படித்தோம். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவரை உலைக்குப் போகாமல் காப்பாற்றியது இங்கிலீஷ் இடியம். அதைக் குப்பையில் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு சொல்லையும் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன்!" என்று மேஜையைத் தட்டினேன். தண்ணீர் தம்ளர் கவிழ்ந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். பல்லவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். தம்ளர் தண்ணீர் தெறித்ததாகவும் இருக்கலாம்.

அவள் மைக்கைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தாள். "தாத்தா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அண்ணாச்சி எழுந்தார். மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் குரலுக்கு அது தேவையில்லை.

"சார்வாள் சொன்னது எல்லாம் நெசந்தான். நடக்காதது ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு விட்டுட்டாவ. அந்த இண்டர்வியூவுக்குப் பொறவு, ரிட்டயர் ஆவுற வரைக்கும் அந்தக் கேட்டுலதான் நின்னேன். ஒருத்தன்கூட எங்கிட்ட இங்கிலீசுல பேசல. அந்த மேனேஜர் சாப்பும் எந்நாளும் ஹிந்திதான். கார்ட குத்துறதுக்கு எதுக்கு இங்கிலீசு? எங்கிட்ட இங்கிலீசுல பேசினது இந்தச் சார்வாள் ஒருத்தர்தான். அதுவும் எனக்கு அரவாசி வெளங்கல."